அம்மாவுக்கு அப்பா கொடுத்த ஒத்தடம்

இரும்பு வாணலியில் கல்லுப்பு படபடவென்று பொரியும் சத்தம் கேட்டால் எங்கள் செம்பாக்கம் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி என்று அர்த்தம். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. தாம்பரத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து சட்டை தைத்துவந்த அம்மாவுக்கு, இடுப்பில் தொடங்கிக் கால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும் ஒரு வலி வந்தது. அம்மா அதை 'நரம்பு இழுக்குது' என்பாள். டாக்டர் 'சயாட்டிகா' என்றார். மாத்திரையும் சில பயிற்சிகளும் சொல்லி, கொஞ்ச நாள் மிஷினில் உட்காராதீர்கள், சூடு ஒத்தடம் கொடுங்கள் என்றார். ஆறு வாரத்துக்குள் திரும்பாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள் என்பதுதான் அம்மாவின் கவலை.

திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிய அப்பா அதிகம் பேசாதவர். வேலை முடிந்து வந்ததும் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, குப்புறப் படுத்திருக்கும் அம்மாவின் இடுப்பில் ஒற்றி ஒற்றி எடுப்பார்.

பத்து நாள் போயிருக்கும். அம்மாவுக்குப் புடவை கட்ட உதவியபோது இடுப்பில் ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லாதடி. பயந்துபோய் நிறுத்திடுவாரு. அவரு பக்கத்துல உக்காந்திருக்கிறப்பதான் வலி கொஞ்சம் மறக்குது" என்றாள்.

ஒருநாள்தான் என்னால் தாங்க முடிந்தது. மறுநாள் அவர் வாணலியை அடுப்பில் வைத்ததும் சொல்லிவிட்டேன். அப்பா அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவிடம் போனார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுடுவீங்கன்னுதான்."

"ஏன் விடப்போறேன்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டுவந்தார். புண் ஆறும்வரை ஒத்தடம் கிடையாது. அப்போதும் ஆறு மணிக்கு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். புண் ஆறியபின், மூட்டையை முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, அம்மாவின் இடுப்பில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினைந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

வலி மெல்ல மெல்லக் காலிலிருந்து ஏறி இடுப்போடு நின்றது. பிறகு அதுவும் குறைந்தது. ஆறாவது வார முடிவில் அம்மா பஸ் ஏறித் தாம்பரம் போனாள். நின்று, நடந்து செய்கிற செக்கிங் வேலைக்கு அவளை மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அந்த வலியும் திரும்பி வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் இருவரும் நடந்துவந்ததைப் பார்த்தேன். அப்பாதான் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். அம்மா திரும்பிப் பார்த்து நின்றாள். "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."