தேவதையின் இடுப்பில் ஒரு லேபிள்

அந்தக் கட்டடத்தில் அவளுக்குக் ‘கடகடா’ என்று பேர் வைத்தவர்கள் யாரும் நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் “அக்கா” என்பார்கள். காரியம் ஆகவேண்டியிருந்தால் “அக்கா, அக்கா” என்று இரண்டு தடவை வரும். சட்டை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள் அவள். வெட்டிய துணி மூட்டையாக வரும், சட்டையாகத் திரும்பிப் போகும். மூன்றாம் மாடியில் ஜன்னலோரமாக மெஷின். வெளிச்சம் நேராக ஊசிமேல் விழும். அந்த ஜன்னலுக்காகத்தான் அங்கே குடியிருந்தாள். தையல் மெஷின் என்று கேட்டதுமே மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

இந்த வீட்டுக்காரம்மாவும் சாத்தத்தான் பார்த்தாள். “சத்தம் தாங்கலைன்னு கீழ சொல்றாங்கம்மா. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடுவோம்ல, அப்ப நாலு பேரைக் கேட்டு முடிவு பண்றேன். வேணாம்னுட்டா நீ வேற இடம் பாத்துக்கணும்” என்று டிசம்பர் பிறந்ததுமே சொல்லிவைத்தாள்.

அதே வாயால் அதே வாரம் இன்னொரு உத்தரவு. இந்த வருஷம் கீழ்க்கூடத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் கடையில் வாங்கிய அலங்காரம் ஒன்றுகூட மாட்டக் கூடாதாம். வீட்டிலிருக்கும் பழைய துணியில் அவரவர் கையால் தைத்ததைத்தான் மாட்ட வேண்டுமாம். “கையால செஞ்சதுலதான் அன்பு இருக்கு” என்றாள். போனில் ஏதாவது வீடியோ பார்த்திருப்பாள். பட்டன் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிற கூட்டம் அது. அதற்கும் “ஆகா, என்ன ஒரு யோசனை!” என்று தலையாட்டினார்கள்.

முதலில் வந்தது இரண்டாம் மாடி டீச்சர்.

“அக்கா, அக்கா, ஒரே ஒரு தேவதை. எனக்கு எங்கக்கா நேரம் இருக்கு? யாருக்கும் தெரிய வேணாம், என்ன?”

நீட்டிய பையில் அவள் கணவரின் பழைய வெள்ளைச் சட்டை இருந்தது. துவைக்கக்கூட இல்லை. காலர் அழுக்கில் மினுமினுத்தது. தேவதைக்கு வந்த கதியைப் பாருங்கள்!

அடுத்து முதல் மாடி ஜிம் மாஸ்டர், முழங்கால் கிழிந்த டிராக் பேன்ட்டும் கையுமாக. அதில் கலைமான் வேண்டுமாம். இரண்டு கால் இருப்பதால் இரண்டு மான் வந்தால் ரொம்பச் சந்தோஷமாம். இடுப்பு எலாஸ்டிக்கைக் கொம்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை வேறு.

அவள் ஏன் முடியாது என்று சொல்லவில்லை? நாலு பேரைக் கேட்கப்போகிறாளே வீட்டுக்காரம்மா, அந்த நாலு பேர் இவர்கள்தானே! கூலியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தாள்.

கடைசியில் வீட்டுக்காரம்மாவே மூச்சிரைக்கப் படியேறி வந்தாள், கையில் சிவப்பு வெல்வெட் திரைச்சீலையோடு.

“கூடத்து வாசலுக்கு ஒரு பெரிய ஸ்டார் வேணும். எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு இல்லம்மா, கண்ணுதான் சரியில்ல.”

ஊசியில் காது எந்தப் பக்கம் என்று தெரியாதவளுக்குக் கண்மேல் பழி! இறங்கிப் போகும்போது, “ஆமா, இந்த மாசம் ஏன் சத்தம் இவ்வளவு அதிகமா இருக்கு?” என்று கேட்டுவிட்டும் போனாள்.

கம்பெனிச் சட்டைகளுக்கு நடுவே நடுவே இவர்களுடைய தேவதையையும் மானையும் ஓட்டினாள். இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துத் தைத்து, விரல் நுழைய இடம் விட்டு, அது வழியாக வெளியே புரட்டி, வெட்டுத்துணியை அடைத்து வாயை மூட வேண்டும். மனசு வேறு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு ஓடியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கீழ்க்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். மரத்தில் தேவதையும் மான்களும், வாசல் நிலைக்கு மேலே சிவப்பு நட்சத்திரம். டீச்சர் விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊசி குத்திவிட்டதாம்! மாஸ்டர், “கொம்புதாங்க கஷ்டம், உயிரே போயிடுச்சு” என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

வீட்டுக்காரம்மா தொண்டையைச் செருமினாள். “மேல் மாடி மெஷின் விஷயம். என்ன சொல்றீங்க?”

“இந்த மாசம் சுத்தமா முடியலைங்க. தலைவலியே வந்துடுச்சு” என்றாள் டீச்சர்.

“நாள் பூரா கடகடகடன்னு” என்றான் மாஸ்டர்.

மரத்தருகே நின்ற அவள் அப்போதுதான் பார்த்தாள். தேவதையின் இடுப்பில், பக்கத் தையலில், சின்னதாக ஒரு வெள்ளை லேபிள். பக்கத் தையல் வந்தாலே இடது கை தானாக லேபிள் டப்பாவுக்குப் போய்விடும். இத்தனை வருஷப் பழக்கம். அந்த மாதம் கம்பெனி அனுப்பியது எல்லாமே எக்ஸ்எல். மான்களின் வயிற்றிலும் அதே லேபிள். தன் கையால் தைத்தவர் ஒருவராவது இருந்திருந்தால் மாட்டும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

தொலைந்தோம் என்றுதான் முதலில் நினைத்தாள். “தலைவலி மாத்திரை போடாத நாளில்ல” என்று டீச்சர் மறுபடி ஆரம்பித்ததும் பயம் போய் ஆத்திரம் பொங்கியது. தேவதையைப் பிடித்துத் திருப்பினாள்.

“டீச்சர், உங்க தேவதை எக்ஸ்எல் சைஸ். தம்பி, உங்க மானும் எக்ஸ்எல்தான். எல்லாம் எங்க கம்பெனி லேபிள்.”

டீச்சர் பிளாஸ்டர் விரலை முந்தானைக்குள் மறைத்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தான். அவள் வாசல் நிலையை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். சிவப்பு வெல்வெட்டில் வெள்ளை லேபிள் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டுக்காரம்மாவின் கணவர் அவள் பக்கம் திரும்பி, “ஏம்மா, நீயே தைச்சதாத்தானே என்கிட்ட சொன்னே?” என்றார்.

“கேக்கை வெட்டலாம் வாங்க” என்றாள் வீட்டுக்காரம்மா. மெஷின் விஷயம் அந்தரத்தில் நின்றது.

மறுநாள் காலையிலேயே கதவு தட்டப்பட்டது. நட்சத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்காரம்மா நின்றாள். “விருந்தாளிங்க வர்றாங்க. இந்த லேபிளை மட்டும் எடுத்துக் குடுத்துடும்மா.”

“பிரிக்கிறப்ப சத்தம் வராதும்மா. திரும்பத் தைக்கிறப்பதான் வரும். பரவாயில்லையா?”

வீட்டுக்காரம்மா ஜன்னலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். “வந்தா வரட்டும். இங்கயே இருந்து தைச்சுக்கோ. யார் என்ன சொல்லப்போறாங்க?”

“சரிம்மா. வெச்சிட்டுப் போங்க” என்றாள் அவள், கம்பெனிச் சட்டை ஒன்றை ஊசிக்கடியில் தள்ளியபடி. “இது முடியட்டும்.”