நவம்பர் மாதத்துத் தண்ணீர்

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா நிஸ்றா, வந்தாறுமூலைக் கம்பஸில் நாலு வருடம் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவள். பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும் வேலை இல்லை. எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் "ஏனையவை" என்ற கட்டத்தில்தான் புள்ளடி போடுவாள். ஏறாவூரில் எங்கள் ஒழுங்கைக்காரர்களுக்கு அந்தப் படிப்பு என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை. பக்கத்து வீட்டு நஸீறா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பார், "சுற்றாடல் படிச்ச நீ, இந்தக் கானை ஒருக்காத் துப்பரவாக்கி விடன் புள்ள." ராத்தா சிரித்துக்கொண்டே மண்வெட்டியோடு போவாள். நானாக இருந்தால் கானின் அழுக்குத் தண்ணீரை மாமியின் வாசல் பக்கம் திருப்பிவிட்டிருப்பேன்.

நான் ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் விழுந்து, படிப்புக்கு ஸலாம் சொன்னவன். படித்தவளும் வீட்டில், படிக்காதவனும் வீட்டில். உம்மா இருவருக்கும் ஒரே அளவு சோறுதான் போட்டார்.

போன வருடத் தொடக்கத்தில் ராத்தாவுக்கு ஒரு தகவல் கிடைத்தது. வாவித் தண்ணீரை ஆராயும் திட்டம் ஒன்றுக்கு அடுத்த ஜனவரியில் உதவியாளர் ஒருவரை எடுக்கப்போகிறார்கள். தானே எடுத்த பன்னிரண்டு மாத அளவீடு வேண்டும். ஒரு மாதமும் விடுபடக் கூடாது.

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை தோணியில் போனோம். கம்பு ஊன்றித் தோணி தாங்குவது நான். அவள் வாவியில் இரண்டு இடங்களில் இரண்டு போத்தல் நிரப்புவாள். கடையில் விற்கும் குடிதண்ணீர்ப் போத்தல்தான், பத்துத் தரம் கழுவியது. வயலில் இருந்து உரமும் மருந்தும் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்று சிநேகிதி ஒருத்தியின் லேபில் செவ்வாய்க்கிழமை பார்ப்பாள். அதுவரை போத்தல்கள் எங்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நான் "முதலை!" என்று கத்துவேன். ஒவ்வொரு மாதமும் அவள் துள்ளி விழுவாள். பத்தாவது மாதம்தான் எனக்குப் புரிந்தது, என் சந்தோசத்துக்காகத்தான் அவள் பயப்படுகிறாள் என்று.

நவம்பரில் மழை விடாமல் பெய்தது. வாவி நிரம்பி வயல்கள் தண்ணீரில் தாழத் தொடங்கினால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது வழமை. நாங்கள் போத்தல் நிரப்பியது சனி பின்னேரம். ஞாயிறு காலை வெட்டிவிட்டார்கள்.

"ஒரு நாள் பிந்தியிருந்தா இந்தத் தண்ணியக் கடல்லதான் தேடியிருக்கணும்," என்று ராத்தா சந்தோசமாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அந்த ஞாயிறுதான் உம்றாவுக்குப் போய் வந்து எங்களோடு தங்கியிருந்த நபீஸா பெரியம்மாவைப் பார்க்க வீட்டுக்குச் சனம் வந்தது. வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தலில் மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீரும் கொடுக்க வேண்டும். அந்தப் போத்தல்களும் அதே பிரிட்ஜில்தான். உம்மா அவசரமாக வந்து கீழ்த்தட்டில் இருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போனார். போத்தல்களில் ராத்தா எழுதியிருந்த எழுத்து ஈரத்தில் அழிந்திருந்தது.

நான் பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் உம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் கூட்டாளிமார் விளையாடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். மறந்தும் விட்டேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு நான் வந்தபோது ராத்தா பிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றாள்.

"உம்மா, கீழ்த்தட்டுல இரிந்த ரெண்டு போத்தலும் எங்க?"

"ஸம்ஸம் எண்டு குடுத்திட்டனே மகள். உசனார் காக்காட வீட்டுக்கு ஒண்டு, நஸீறாக்கு ஒண்டு."

ராத்தா சோல் துணியைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். பின்னால் நான்.

நஸீறா மாமி, "அப்பவே பானையில கலந்திட்டன் புள்ள. எல்லாருக்கும் பறக்கத் கிடைக்கட்டுமே," என்றார்.

"மாமி, அது வாவித் தண்ணி. பானைய ஊத்திருங்க."

"யா அல்லாஹ்! பிஸ்மி சொல்லி ஆளுக்கொரு கப் குடிச்சமே! இதுக்குத்தானா உன்னக் கம்பஸுக்கு அனுப்பின?"

"வயித்துக்கு ஏதும் செஞ்சா உடனே சொல்லுங்க மாமி."

உசனார் காக்கா ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிற மனிசன். தலைமாட்டில் போத்தல் இருந்தது. அடியில் ஒரு மிடறு மிச்சம்.

"இதக் குடிச்ச பொறகுதான் மகள் நெஞ்சு லேசா இரிக்கி. பெரியம்மாட்டச் செல்லுங்க, நான் அவக்குத் துஆக் கேட்ட எண்டு."

ராத்தா அந்த மிடறையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ். இந்தப் போத்தலத் தாங்க காக்கா, நிரம்பின போத்தலொண்டு கொண்டு வாறன்," என்றாள். வீட்டுக்கு வந்து உண்மையான ஸம்ஸத்தை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்தாள். அந்த ஒரு மிடறு எந்தச் சோதனைக்கும் காணாது. வெட்டிவிட்ட வாவியின் இழுவையில் அந்த மாதம் முடியும்வரை தோணி இறக்கவும் முடியாது.

"ஒக்டோபரையும் டிசம்பரையும் கூட்டிப் பாதியப் போடு ராத்தா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"நீ கணக்குல விழுந்தது சும்மா இல்லடா. வெட்ட முந்தி நிண்ட தண்ணி அதுக்குள்ள எங்க வருகுது?"

டிசம்பரிலும் போனோம். நான் முதலை என்று கத்தவில்லை. ஜனவரியில் அவள் அட்டவணையை அனுப்பினாள். நவம்பர்க் கட்டம் வெற்றாக, கீழே "மாதிரி வீட்டில் தவறிவிட்டது" என்ற ஒரு வரியோடு. இரண்டு கிழமையில் பதில் வந்தது: தொடர்ச்சியான அளவீடு உள்ள ஒருவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம். உம்மா இன்றைக்கும் தன்னைத்தான் ஏசிக்கொள்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எழுதுவது இதுதான் முதல் தடவை.

இப்போது ராத்தா பஸாரில் வளையலும் கிளிப்பும் விற்கிற ஒரு பென்சிக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். போன கிழமை பகல் சோறு கொண்டு போனபோது, அடுத்த ஒழுங்கை ரிப்கா தலைக்கிளிப் வாங்கிக்கொண்டு நின்றாள். ஓ.எல்.லில் ஒன்பது ஏ எடுத்தவள்.

"ராத்தா, நான் பயோ எடுத்து நீங்க படிச்சதையே படிக்கலாமெண்டு இரிக்கன். வாவியப் பத்தி."

ராத்தா கிளிப்பைப் பைக்குள் போட்டாள்.

"கொமர்ஸ் எடு புள்ள."

"ஏன் ராத்தா? உங்களுக்கு அந்தப் படிப்பு எவ்வளவு புடிக்கும்!"

"புடிக்கும்," என்றாள். பையின் வாயை இரண்டு தரம் மடித்து, பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.