மெல்ல எரிகிற மருந்தும் கோதண்டராஜாவும்

போன வாரம் மருமகனின் காருக்கு டயர் மாற்ற, ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் பொருத்துவார்களே, சின்ன ஈயத்துண்டு, அதில் ஒன்று உருண்டு என் செருப்பருகே வந்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. "அத்தை, கையைக் கழுவுங்க, அது விஷம்" என்றார் மருமகன். இந்த விஷத்தைப் பொட்டலம் கட்டி விற்றுத்தான் அவருடைய மாமியார் முதல் பட்டுச்சேலை வாங்கினாள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் டைப்பிஸ்டாக இருந்தேன். செட்டியார்பட்டியிலிருந்து தினமும் பஸ். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா "இரும்புச் சாமான் கடையில வேலை" என்று சொல்லிவைப்பாள். பொய்யில்லை, துப்பாக்கியும் இரும்புதானே. ஒருமுறை உண்மை வெளியே வந்து, மாப்பிள்ளை வீட்டார் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்த மாப்பிள்ளையைப் பார்த்த எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

துப்பாக்கிக் கடை என்றால் தடதடவென்று இருக்கும் என்று நினைப்பீர்கள். தூக்கம்தான் வரும். கூமாப்பட்டி, வ. புதுப்பட்டிப் பக்கத்து விவசாயிகள் லைசென்ஸ் தாளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். நான் பெயரை டைப் அடிப்பேன், ஈயக் குண்டைப் பொட்டலம் கட்டித் தருவேன். முதலாளி காதர் பாய் தோட்டாவை எடுத்துக் கொடுப்பார். அவருக்கு வெடிச் சத்தம் என்றால் உயிர் போய்விடும். தீபாவளிக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளறையில் படுத்துவிடுகிறவர் துப்பாக்கி விற்றார். என்ன செய்வது, வாப்பா விட்டுப்போன கடை.

எங்கள் பக்கம் 'மருந்து' என்றாலே வெடிமருந்துதான், எல்லாரும் முதலில் சிவகாசி திசையைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் ஞாபகம் அப்புறம்தான் வரும். அந்த மருந்தால் கிறுக்குப் பிடித்த ஒரு மனிதர்தான் கோதண்டராஜா. ராஜபாளையத்துக்காரர், மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அவருடைய தாத்தா விட்டுப்போன ஒரு ரைபிள் அவரிடம் இருந்தது. குழல் வாயில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகும், அவ்வளவு பெரிய துளை. அதற்கான தோட்டா செய்வதை எந்த நாட்டிலோ எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய பித்தளைக் கூடுகள் கொஞ்சம் அவரிடம் மிச்சமிருந்தன. அவற்றுக்குக் குண்டை அவரே ஈயத்தைக் காய்ச்சி அச்சில் வார்த்துக்கொண்டார். பழைய ஈயம் தேடி ஊரிலுள்ள டயர் கடையெல்லாம் அலைவார்.

முதலில் எங்கள் கடையிலிருந்த சாதாரண மருந்தைப் போட்டுப் பார்த்தார். அது பட்டென்று எரிகிற சாதி. குண்டு குழலுக்குள்ளேயே தோல் உரிந்து, பக்கவாட்டில் பறந்து, அவருடைய பம்ப்செட் கொட்டகையின் கூரை ஓடுகளை உடைத்தது. மறுநாள் கடைக்கு வந்து எனக்கும் காதர் பாய்க்கும் பாடம் எடுத்தார்.

"ஈயம்ங்கிறது இளகின சாமான். பட்டுனு அறையக் கூடாது. பின்னாலருந்து மெதுவாத் தள்ளிக்கிட்டே இருக்கணும். அதுக்கு மெல்ல எரியிற மருந்து வேணும்."

முப்பது வருஷமாக அவரை அவர் மனைவி லட்சுமியம்மா நகர்த்திவந்ததும் இதே முறையில்தான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சம்பளம் வேண்டுமே.

மலை எஸ்டேட்காரர் ஒருவரைப் பிடித்து அந்த மருந்தில் ஒரு டின் சம்பாதித்துவிட்டார். அதற்குள் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பியிருந்தது. பழம்பொருள் சேர்க்கிற சென்னைக்காரர் ஒருவர் ரைபிளை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். லட்சுமியம்மா கொடுத்துவிடச் சொன்னார். "உங்க தாத்தா புலி சுட்டாரு, சரி. நீங்க புளி கரைக்கக்கூட லாயக்கில்ல. எதுக்கு இது?" கோதண்டராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தோப்பில் சுட்டுக் காட்டுவதாகவும், சுடாவிட்டால் அன்றைக்கே சென்னைக்காரருக்குத் தந்தி அடிப்பதாகவும் சொல்லிவிட்டார். காதர் பாய் நடுவர். "ரெண்டு கிறுக்கு ஆம்பளைகளுக்கு நடுவுல நான் மட்டும் என்ன செய்ய? நீயும் வா புள்ள" என்று லட்சுமியம்மா என்னையும் அழைத்தார்.

ஞாயிறு காலை. மண்மேட்டின்மேல் ஒரு மண்ணெண்ணெய் டின். காதர் பாய் காதில் பஞ்சு. லட்சுமியம்மா கோரைப்பாய் விரித்துப் புளியோதரைத் தூக்கைத் திறந்துவைத்தார். புளியோதரை என்பது தற்செயலா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோதண்டராஜா நின்று, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தார்.

'புஸ்' என்றது. நனைந்த வெடி மாதிரி. மரத்திலிருந்த காக்காய்கூட எழும்பவில்லை.

"குறி தவறிருச்சு" என்றார் அவர், கம்பீரம் குறையாமல். ரைபிளைத் திறந்து காலிக் கூட்டை எடுத்தார். கூட்டோடு சேர்ந்து மஞ்சள் மஞ்சளாக எரியாத மருந்துக் குருணை அவர் வேட்டியில் கொட்டியது. தட்டிவிட்டுக்கொண்டு, "அடுத்த தோட்டாவை எடும்மா" என்று என்னிடம் கை நீட்டினார்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் புஸ் என்று போன வெடிகிட்டே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். அதோடு நான் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, மேட்டுல தூசியே கெளம்பலையே. குண்டு எங்க போச்சு?"

"மேட்டைத் தாண்டிப் போயிருக்கும். இது எம்புட்டுப் பெரிய துப்பாக்கி தெரியுமா? நீ எடு."

காதர் பாய்க்குக் காதில் பஞ்சு. ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் தயங்கினேன். கோதண்டராஜா தானே தோட்டாப் பெட்டியை நோக்கி வந்தார். அப்போது லட்சுமியம்மா எழுந்தார். நல்ல கனமான உடம்பு. நிதானமாக இரண்டு எட்டு வைத்து, அந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏமே, எந்திரி!"

"எந்திரிக்க மாட்டேன். புள்ள கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. குண்டு எங்க?"

"நீ ஏண்டி இதுல..."

"சுடணும்னா என்னைத் தூக்கி வச்சிட்டு சுடுங்க."

அது நடக்கிற காரியமில்லை. எல்லாருக்கும் தெரியும். நான் காதர் பாயின் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. குழல் துடைக்கிற கம்பியை எடுத்து ரைபிளின் வாயில் விட்டார். பாதி தூரம் போய் 'டொக்' என்று நின்றது. மறுபடி விட்டார். மறுபடி டொக்.

"உள்ளதான் இருக்கு" என்றார், ரொம்ப மெதுவாக. "இன்னொண்ணு சுட்டிருந்தா குழல் வெடிச்சிருக்கும், ராஜா. மூஞ்சிக்கு நேரா."

கோதண்டராஜா பாயில் உட்கார்ந்தார். லட்சுமியம்மா பெட்டியை விட்டு எழாமலே சொம்புத் தண்ணீரை நீட்டினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். குடித்துவிட்டுச் சின்னக் குரலில் சொன்னார்: "வயசான துப்பாக்கி, பாவம்னு பாதி மருந்துதான் போட்டேன்."

அதில்தான் வினை. மெல்ல எரிகிற மருந்து கூடு நிறைய, நெருக்கமாக இருந்தால்தான் ஒழுங்காக எரியும் என்று காதர் பாய் பின்னால் விசாரித்து வந்து சொன்னார். பெரிய அண்டா அடியில் ரெண்டு சுள்ளியை வைத்தால் சோறு வேகுமா?

மில் பட்டறையில் கொடுத்து, குண்டைத் தட்டி வெளியே எடுத்தார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தந்தி போகவில்லை. லட்சுமியம்மாவே, "இன்னொரு தடவை ஒழுங்கா சுட்டுட்டு வைங்க. பாதியில நிறுத்துனா ஆயுசுக்கும் பொலம்புவீக" என்றாராம். அதே தோப்பு, இன்னொரு ஞாயிறு. ஆனால் இந்தத் தடவை கோதண்டராஜா கூடு நிறைய மருந்து போட்டு, ரைபிளை மரக்கிளையில் இறுக்கிக் கட்டி, விசையில் கயிறு கட்டி, எங்களையெல்லாம் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்து இழுத்தார். பயம் வந்த மனிதர் எவ்வளவு அழகாக இருக்கிறார்! அடிவயிற்றிலிருந்து எழும் குரல் மாதிரி ஒரு சத்தம் புறப்பட்டு, மலையில் மோதித் திரும்பியது. மேட்டில் புழுதி எழும்பியது. டின்னைக் காணோம். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டே கை தட்டினார். கோதண்டராஜா டின் விழுந்த பக்கமே திரும்பவில்லை. லட்சுமியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். காதர் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை பஞ்சோடு. தோப்பை மனை போட்டுவிட்டார்கள். இப்போது துப்பாக்கியைக் காணாத காட்டுப்பன்றி, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வாழைக்குள் நிதானமாக நுழைகிறதாம். கோதண்டராஜாவும் தூக்கத்திலேயே போய்விட்டார்.

லட்சுமியம்மாவை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். காது சுத்தமாகக் கேட்கவில்லை. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எல்லாம் அந்தப் பாழாப்போன துப்பாக்கியாலதான்னு டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றார். "ரெண்டு சத்தத்துக்கு எங்கயாவது காது போகுமான்னு எங்க வீட்டு மனுசன் இருந்திருந்தா எந்திரிச்சு சண்டைக்கு வந்திருப்பாரு." மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். "டாக்டரு சரி சரின்னு எழுதிக்கிட்டாரு. இப்பல்லாம் நான் என்ன சொன்னாலும் சரி சரிங்கிறாக."