பேட்டை பஸ்ஸில் ஏறிய போர்டு

கோமதி அக்கா போய்விட்டார்.

காலையில் தங்கைதான் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "எக்கா... கோமதி டீச்சர் போய்ட்டாங்கக்கா." அதற்கு மேல் அழுகைதான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்காக இவள் இப்படி அழுவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அஞ்சலியை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். வேறு மாதிரி ஆரம்பித்தால் பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. வண்ணார்பேட்டையில் ஒரு டுடோரியல் சென்டர்... அவர் கணக்கு, நான் பிசிக்ஸ். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்திருந்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் பூட்டு. இனி சென்டர் கிடையாது என்றார்கள்.

எனக்கு ஆழ்வார்குறிச்சியில் அப்பா வீடு இருந்தது. கோமதி அக்காவுக்கு அப்படியில்லை. கணவர் வேலை பார்த்த மில்லை முந்தின வருஷமே மூடியிருந்தார்கள். இவர் சம்பளத்தில்தான் குடும்பம்.

நாங்கள் எல்லோரும் முதலாளி வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டோம். கோமதி அக்கா மட்டும் உள்ளே போனார். "அண்ணாச்சி, இத்தன நாளு எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது ஒங்களாலதான். நல்லா இருங்க. கிளாஸ்ல இருக்க அந்த பிளாக்போர்டை மட்டும் நான் எடுத்துக்கிடட்டா?"

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார்.

ஒரு முனை அக்கா, மறுமுனை நான். பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் போர்டை ஏற்றினோம்.

"எக்கா, இதுக்கு லக்கேஜ் எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

"ஏன் அண்ணாச்சி, அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு வருது. சீட்டா கேக்குது?"

"நின்னுக்கிட்டு வாற ஆளுக்கும் டிக்கெட் உண்டும்லா!"

பஸ்ஸே சிரித்தது. நான் போர்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அந்தாளுக்குப் போயி எதுக்குக்கா நன்றி சொன்னீய?" என்று கேட்டேன்.

"ஏட்டி, அவரு மூடலேன்னா நான் சாகுற வரைக்கும் அடுத்தவன் போர்டுலல்லா எழுதிட்டு இருப்பேன்."

இப்போது 'கிராட்டிட்யூட்' என்று தினம் ஒரு போஸ்ட் வருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்றைக்கும் இல்லை. அவருக்கு மட்டும் அது எப்படி வந்தது என்று எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

பேட்டை வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் வந்ததும், தப்புத் தப்பாக இங்கிலீஷில் நடத்திப் பழகினார்... கூச்சமே இல்லாமல். நான் ஊரில் அரசுப் பள்ளி வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் படுத்துக் கிடந்தேன்.

தங்கைக்குப் பிளஸ் டூ கணக்கு வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்தால் அழுதாள். "நீ பக்கத்துல ஒக்காந்தாலே பயமா இருக்குக்கா." சனி ஞாயிறு பாசஞ்சர் ரயிலில் பேட்டைக்குப் போகத் தொடங்கினாள்.

ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். அதே போர்டு. தங்கை சாக்பீஸோடு நின்று ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அழித்துக்கொண்டிருந்தாள். என் முன்னால் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்துத் தப்புச் செய்ததில்லை.

கோமதி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "ஏட்டி, அங்கன ஏன் நிக்க? உள்ள வா. போர்டுல பாதி நீ தூக்குனதுல்லா. அந்தப் பக்கம் பிசிக்ஸ் நடத்து."

"கவர்மென்ட் வேலை வரட்டும்க்கா," என்றேன்.

வந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன். குறையொன்றும் இல்லை... என்னைத் தேடி எந்தப் பிள்ளையும் ரயிலேறி வந்ததில்லை, அவ்வளவுதான்.

தங்கை கல்யாணத்தில் அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும், மணமேடையிலிருந்து எழுந்து ஓடினாள். தாலிக்கு இன்னும் நேரமிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னிடம், "யாரு, மூத்த அக்காவா?" என்று கேட்டார்கள்.

நாளைக் காலையில் பேட்டை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தங்கை ரயிலேறிவிட்டாள். ஜங்ஷனில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வழியெல்லாம் அழுவாள்... பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போய் வாருங்கள், அக்கா. போர்டில் என் பாதியிலும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.