சிலிகானுக்குக் கீழே ஒரு காலிக் கட்டம்

ஆஸ்மா தினமும் வாணியம்பாடியில் பஸ் ஏறி, காவலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறார். ஆறு வருடங்களாக மாற்றல் கேட்கவில்லை. அதை யாராவது தியாகம் என்றால் அவருக்குப் பிடிக்காது. எனக்கும் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

சென்ற ஜூலையில் வகுப்புச் சுவரில் தனிம வரிசை அட்டவணையை எழுதச் செங்கத்திலிருந்து பெயிண்டர் சிங்காரத்தை வரவழைத்தார். சிலிகானுக்குக் கீழ்க் கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொன்னார். அது ஜெர்மேனியத்தின் இடம். அந்தத் தனிமம் கிடைப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, அக்கம்பக்கத்துத் தனிமங்களைப் பார்த்து அதன் அணு நிறையை மெண்டலீவ் கணித்திருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிட்டு அதைக் கணிக்க வேண்டும் என்று ஆஸ்மா நினைத்தார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், அந்தக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் ‘சிங்காரம் ஆர்ட்ஸ், செங்கம்’. கீழே செல்போன் எண்.

“இன்னா சிங்காரம் இது?”

“எம்பேரு போடத்தான் எடம் வுட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சர். மத்தவங்கல்லாம் மூலையிலதான் வுடுவாங்க. நீங்க நடுவுலயே குடுத்தீங்க.”

தலைமையாசிரியர் புருஷோத்தமன் சிரித்துவிட்டார். “நாளைக்கு ஸ்கூலைப் பாக்க கல்வி அதிகாரி வர்றாரும்மா. ஜெர்மேனியம்னு எழுதி முடிச்சிடுங்க. ஓட்டையோட இருந்தா நமக்கே தெரியலன்னு நெனப்பாரு.”

“எழுதிட்டா மனப்பாடந்தான் சார். நாளைக்குப் பசங்க கண்டுபிடிக்கணும்.”

“முடியலன்னா?”

ஆஸ்மா சிங்காரத்தைக் கூப்பிட்டு, கட்டத்தைச் சுற்றியிருந்த அணு நிறைகளைப் படிக்கச் சொன்னார். மேலே 28, கீழே 119, இடப்பக்கம் 70, வலப்பக்கம் 75. கூட்டி நாலால் வகுக்கச் சொன்னார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சிங்காரம் பிரஷ் காம்பால் வாசல் மணலில் போட்டுப் பார்த்து, “எழுபத்திமூணு” என்றார்.

தலைமையாசிரியர் புத்தகத்தைப் புரட்டினார். 72.6.

ஒரு கட்டத்தில் ஒத்துவந்த கணக்கு எல்லாக் கட்டத்திலும் ஒத்துவராது. ஆஸ்மா அதையும் சொன்னார்.

“அதிகாரி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேங்க சார்.”

சிங்காரம் தன் பேரைத் தானே வெள்ளையடித்து மறைத்தார்.

மறுநாள் முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் 73 என்று எழுதினார்கள். மற்றவர்களுக்குக் கூட்டலே தப்பு. அதிகாரி ஆஸ்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ‘அட்டவணை முழுமையில்லை’ என்று குறித்துவிட்டுப் போனார்.

“இப்பவாவது எழுதலாமா?” என்றார் புருஷோத்தமன்.

“இன்னும் பன்னண்டு பேரு இருக்காங்க சார்.”