வாசலில் கை கொடுப்பவர்

போதகர் வீட்டில் பிறந்து பேர் வாங்கியவர்கள் என்று யாரோ யூடியூபில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். ஒரு விஞ்ஞானி, ஒரு பாடகர், அதற்கப்புறம் நான். சீரியலில் அழுதே பிழைக்கிறவளை எதற்கு அவர்களோடு சேர்த்தார்களோ தெரியவில்லை. ஒழுக்கம், கட்டுப்பாடு, நல்ல வளர்ப்பு என்று பின்னணியில் ஒரு குரல் உருகுகிறது. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மைசூரில், மண்டி மொஹல்லாவை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ச் சபைக்கு அப்பா போதகர். ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களும் கொள்ளேகால் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களும்தான் ஜனம். ஆலயத்தின் பின்னாலேயே சபை கொடுத்த வீடு. பகலில் அதன் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. குடிகாரக் கணவன், வேலை போன மகன், விடாத காய்ச்சல் என்று எந்நேரமும் யாராவது முன்னறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள். அப்பா அவர்கள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார். அம்மாவும் நானும் உள்ளே சத்தமில்லாமல் சாப்பிடுவோம். வீட்டில் அழுவதற்கு ஏற்கெனவே ஆள் இருந்ததால் எங்களுக்கு முறை வரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா வெள்ளை அங்கியோடு ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க என்பார். ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. பதில் வரும்வரை கையை விடமாட்டார். சின்ன வயதில் ஒரு நாள் நானும் அந்த வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தபோது குனிந்து, யாருக்கும் கேட்காமல், "தள்ளிக்கோ கண்ணு, பின்னால ஜனம் நிக்குது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்கு வேறொரு போதகரை அழைக்கலாம் என்று சபையில் எவ்வளவோ சொன்னார்கள். என் சபையில் நடக்கிற அடக்கத்தை நான்தான் நடத்துவேன் என்றுவிட்டார் அப்பா. நடத்தவும் செய்தார். ஊரார் அடக்கத்துக்கெல்லாம் வாசிக்கிற அதே குரலில், அதே நிதானத்தில், என் அம்மாவை "நம்முடைய சகோதரி" என்று வாசித்தார். பெட்டியின் மேல் மண் போட்டார். அப்புறம் கல்லறைத் தோட்டத்து வாசலில் போய் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்து, அழுதவர்களைத் தேற்றினார். மறுநாள் காலையில் யாருடைய புது வீட்டுக்கோ ஜெபம் பண்ணப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. அம்மாவுக்காக அந்த மனிதர் அழுதாரா இல்லையா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரிடம் கேட்காமலே சென்னைக்குப் போய், கேமராவுக்கு முன்னால் அழ ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்றால் போதகர் சபை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்பாவுக்கு ஹெப்பாளில் ஒரு வாடகை வீடு பிடித்து, பார்த்துக்கொள்ள ஒரு கன்னடப் பெண்ணையும் வைத்தேன். அங்கே போன பிறகு அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவத் தொடங்கியது. போன மாதம் நான் போனபோது நாற்காலியிலிருந்து எழ முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா. எப்படி இருக்கீங்க? சபைக்குப் புதுசுங்களா?"

அப்பா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதிலுக்காகக் கையை விடாமல் காத்திருந்தார். அன்றைக்கு வரிசையில் நின்றது இதற்காகத்தானே. யாரென்று சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"மனசுல என்ன பாரம்? சொல்லுங்க."

"எங்கம்மா செத்தப்ப எங்கப்பா அழவே இல்லைங்க ஐயா."

உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். உங்களைப் போலப் போதகர்தான் என்றேன். வெளியே கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எல்லார் கஷ்டத்தையும் கேட்டுட்டு, உள்ள போயி நான் என் வீட்டுக்காரிகிட்டதான் அழுவேன். அவளுக்கு மட்டுந்தான் அது தெரியும். உங்கப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பாரு. உங்கம்மாவே போயிட்டா, அந்த மனுஷன் யாருகிட்டப் போயி அழுவாரு?"

சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி, ஆள் வந்திருக்காங்க, ஒரு டீ போடு என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்.

நான் அழுதேன். கேமராவுக்கு அழுகிற அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அவர் என் கையைப் பிடித்தபடி, அது ஓயும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, பின்னால ஜனம் நிக்குது."

பின்னால் மாத்திரையும் தண்ணீருமாக அந்தப் பெண் மட்டும்தான் நின்றிருந்தாள். நான் எழுந்து வழிவிட்டேன்.