ஒரு கட்டம் தள்ளி விழுந்த பூ

பிள்ளையார்பாளையத்தில் நானும் என் மனைவியும் புடவை டிசைன் கடை வைத்திருந்தோம். பூவையும் அன்னத்தையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நான் வரைவேன், அவள் நிறம் கொடுப்பாள். அதைப் பார்த்துத் தறிக்கான அட்டை குத்துபவர் பக்கத்துக் கடை பாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடையில் இரண்டு மவுசும் ஒரு நாற்காலியும் என் கையால் போயிருக்கின்றன. பாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியாது.

ஆடி மாதம், வேலை மந்தம். ஒரு மதியம் பாய் பென்டிரைவில் ஒரு கேம் கொண்டுவந்தார். துப்பாக்கி இல்லை, கார் இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நடக்க வேண்டும், அலமாரிகளைத் திறக்க வேண்டும், கிடைக்கிற கடிதங்களைப் படிக்க வேண்டும். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாழ்ந்த வீடு அது. அவள் ஏன் போனாள் என்பதை விளையாடுகிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலீஷ் எனக்கும் பாய்க்கும் ததிங்கிணத்தோம். என் மனைவி பி.காம். அவள்தான் படித்துச் சொன்னாள்.

இரண்டாவது கடிதத்திலேயே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "அவளுக்கு வேற ஆளு இருக்குது பாய்."

"சேச்சே, ஏதோ வியாதி பா. புருஷங்கிட்ட சொல்லாம போய்ட்டா, பாவம்." பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. டீத்தூள் விளம்பரத்துக்கே அழுகிற மனுஷன். "நீ இன்னாம்மா சொல்ற?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"அடுத்த ரூமுக்குப் போங்க," என்றாள் அவள்.

படுக்கையறைச் சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பூ ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. எங்கள் தொழிலில் இதுதான் முதலில் கண்ணைக் குத்தும். ஒரு கட்டம் தவறினால் தறியில் பூ உடைந்துவிடும், நெசவாளி புடவையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாரு பாய், கோடி கோடியா கொட்டி கேம் பண்றான், ஒரே பூவை திருப்பித் திருப்பிப் போடற ரிப்பீட்டு, அதக்கூட ஒழுங்கா போடத் தெரியல!"

பாயும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"தப்பு இல்ல. ஒட்டுப் போட்டிருக்குது." என் கையிலிருந்து மவுசை வாங்கி அந்த இடத்தில் அழுத்தினாள். காகிதம் உரிந்தது. பின்னால் சுவரில் ஒரு ஓட்டை, முஷ்டி அளவு.

"ஏதாவது மாட்ட ஓட்டை போட்டிருப்பான்," என்றார் பாய்.

"இல்லண்ணா. தலைக்குத்தான் குத்தினான். இவ நகந்துட்டா."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டைப் பிடுங்கி அவள் முகத்தில் அடித்தேன். பொத்தான்கள் அறையெங்கும் தெறித்தன. கன்னத்தில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடி ஓங்கினேன். பாய் குறுக்கே பாய்ந்தார், அடி அவர் உதட்டைப் பிளந்தது. மானிட்டர் கீழே விழுந்து நொறுங்கியது. அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தார். "டேய், மனுஷனாடா நீ?" என்று கத்தினார். நான் அவர் வயிற்றில் உதைத்தேன்.

அவள் கத்தவில்லை. அடி விழுந்ததும் அவள் முதலில் செய்தது கதவைச் சாத்தப் போனதுதான். வெளியே சத்தம் கேட்கக் கூடாதே, அந்தப் பழக்கம். பாதி சாத்தியவள், பாய் உள்ளேயே நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கதவை விரியத் திறந்துவிட்டு, ரத்தத்தைத் துடைக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

நான்கு நாள் கழித்து முசரவாக்கத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். அவளைக் கூட்டிக்கொண்டு வராமல் திரும்பக் கூடாது என்றுதான் போனேன். வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் தையல். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எவனோ செஞ்ச ஒரு கேமுக்காக குடும்பத்த விட்டுட்டு வருவியா?"

"கேமுக்காக இல்லீங்க. எட்டு வருஷமா படியில வழுக்கிட்டேன், கதவுல இடிச்சிக்கினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். இந்த வாட்டி அண்ணன் பாத்துட்டாரு. அவருகிட்ட போயி இன்னான்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் நிஜமாகவே காத்திருந்தாள். அதற்கு ஒரு பொய் எனக்கும் தோன்றவில்லை.